பிள்ளை மடுவத்தில் பேச்சுத் துணை

இலங்கையின் கொத்மலைத் தேயிலைத் தோட்டங்களில் அம்மா கொழுந்தெடுக்க மலைக்குப் போனால் கைப்பிள்ளை, தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளை மடுவத்தில் இருக்கும். பகலின் பெரும்பகுதி அதற்கு ஆயாவும் மற்றப் பிள்ளைகளும்தான் உலகம். சாப்பிட்டதா, தூங்கியதா, எடை ஏறியதா என்று கேட்கிறோம். இன்றைக்கு அதனோடு யார் பேசினார்கள் என்றும் கேட்க வேண்டும்.

1995இல் பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 42 குடும்பங்களைக் கவனித்து, ஏழை வீட்டுப் பிள்ளை நான்கு வயதுக்குள் வசதியான வீட்டுப் பிள்ளையைவிட 3 கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறது என்று கணக்கிட்டார்கள். பழி ஏழைத் தாய்மார் மேல் விழுந்தது. 2018இல் டக்ளஸ் ஸ்பெரி குழுவினர் வீட்டிலுள்ள மற்றவர்களின் பேச்சையும் சேர்த்துப் பார்த்தபோது அந்தப் பெரிய இடைவெளி தென்படவில்லை. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே அம்மாயி, சித்தப்பா, அடுத்த காம்பராக்காரர் என்று எல்லோருமாகத்தான் பிள்ளையை வளர்க்கிறார்கள்.

ஆனால் பேச்சு காதில் விழுந்தால் மட்டும் போதாது. அதே ஆண்டு ரேச்சல் ரோமியோ குழுவினர் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து, மூளையையும் ஸ்கேன் செய்தார்கள். பெரியவரோடு மாறி மாறி அதிகம் பேசிய பிள்ளைகளுக்குக் கதை கேட்கும்போது மூளையின் மொழிப் பகுதி கூடுதலாக இயங்கியது. குடும்ப வருமானமோ, கேட்ட சொற்களின் எண்ணிக்கையோ இதை விளக்கவில்லை. பிள்ளை கைநீட்டி "அந்தா" என்கிறது. "காக்காவா? எங்க போகுது?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தால், அது பார்க்கும், யோசிக்கும், தனக்குத் தெரிந்த சொல்லைத் தேடும்.

போன் அப்படிக் காத்திருக்காது. பட்ரீசியா கூல் 2003இல் வெளியிட்ட ஆய்வில், சீனமொழி பேசுபவர் நேரில் விளையாட்டுக் காட்டிய 9 மாத அமெரிக்கக் குழந்தைகள் 12 அமர்வுகளில் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தன. அதையே திரையில் பார்த்த குழந்தைகளுக்கு அது வரவில்லை. கொத்மலைப் பிள்ளைக்குச் சிங்களம் வரவேண்டுமென்றாலும் கார்ட்டூனைவிடப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளோடு விளையாடவிடுவதே மேல்.

கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான் விழுமே என்று நாள் முழுக்க மலையில் நின்று களைத்து வரும் தாய்க்கு "பிள்ளையோடு இன்னும் பேசு" என்று உபதேசம் செய்வது அநியாயம். கேள்வி தோட்ட நிர்வாகங்களுக்கும் அரசுக்கும் உரியது. ஓர் ஆயாவின் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள்? துடைத்து, ஊட்டி, தூங்கவைத்த பிறகு ஒவ்வொரு பிள்ளையோடும் உட்கார்ந்து பேச அவருக்கு நேரம் மிஞ்சுகிறதா? மிஞ்சாத மடுவங்களில் இன்னொரு ஆயாவை நியமியுங்கள். இருவருக்கும் பயிற்சியும் அதற்கேற்ற சம்பளமும் கொடுங்கள்.