டீசல் இன்ஜினின் கணக்கை யார் எழுதுவது?

டாட்ஜ் நிறுவனம் 1989 மாடல் பிக்கப் டிரக்கில் முதன்முதலாகக் கம்மின்ஸ் டீசல் இன்ஜினைப் பொருத்தி அமெரிக்காவில் விற்றது. வரிசையாக ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர், 160 குதிரைத்திறன். 2019-இல் ராம் என்ற பெயரில் வந்த அதே வம்சத்து டிரக்கிலும் ஆறு சிலிண்டர்தான். கொள்ளளவு 6.7 லிட்டர் ஆகியிருந்தது. திறன் மட்டும் 400 குதிரைத்திறனைத் தொட்டுவிட்டது. இரும்பு மாறியது, டர்போ மாறியது. எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், எவ்வளவு டீசலை எந்த நொடியில் தெளிப்பது என்ற முடிவு பம்பின் கையைவிட்டுக் கணினிக்குப் போனது. அந்தக் கணினிக்குள் இருக்கும் எண்களை எழுதும் உரிமை யாருக்கு என்று கேட்டால், கம்பெனி ஒன்று சொல்லும், வண்டிக்காரர் ஒன்று சொல்வார், அரசாங்கம் வேறொன்று சொல்லும்.

பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் முதலில் காற்றின் வழி திறக்கும். டீசலில் காற்றுக்குப் பெரிய தடை கிடையாது. உள்ளே போகும் டீசலின் அளவுதான் திறனைத் தீர்மானிக்கிறது. அதனால் டீசல் வண்டியைத் துடிப்பாக்குவது எப்போதுமே எளிது. 1994 முதல் 1998 வரை வந்த டாட்ஜ் டிரக்குகளில் பாஷ் நிறுவனத்தின் பி7100 என்ற பம்ப் இருந்தது. அதற்குள் டீசலின் உச்ச அளவைக் கட்டுப்படுத்தும் ஒரு சின்னத் தகடு உண்டு. அதை அரத்தால் ராவினாலோ கழற்றிப் போட்டாலோ வண்டி எகிறும். டர்போ தரும் காற்று அந்த டீசலுக்குப் போதாவிட்டால் பின்னால் கருப்புப் புகை வரும். தகட்டில் கை வைத்திருக்கிறார்கள் என்பதைப் பம்பைத் திறந்து பார்க்கும் யாரும் சொல்லிவிடலாம்.

2001-இல் ஜெனரல் மோட்டார்ஸின் டியூராமேக்ஸ் இன்ஜினோடு அமெரிக்க பிக்கப்புகளுக்குக் காமன் ரயில் முறை வந்தது. ஒரு தடித்த குழாயில் சுமார் 1,600 பார் அழுத்தத்தில் டீசல் எப்போதும் தயாராக நிற்கும். கணினி மின்சாரம் அனுப்பும்போது இன்ஜெக்டர் திறந்து மூடும். ஒரே சுழற்சியில் முதலில் சிறு துளி, பிறகு முதன்மைத் தெளிப்பு என்று பிரித்துத் தெளிக்கவும் முடியும். எப்போது திறப்பது, எத்தனை மைக்ரோ நொடி திறந்திருப்பது என்பதெல்லாம் கணினியின் நினைவகத்தில் அட்டவணைகளாக இருக்கின்றன. பள்ளி வாய்ப்பாட்டு அட்டையைப் போல, ஒரு பக்கம் இன்ஜின் வேகம், மறுபக்கம் சுமை, இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் விடை. அப்படி நூற்றுக்கணக்கான அட்டவணைகள். புகை எல்லைக்கு ஒன்று, டர்போ அழுத்தத்துக்கு ஒன்று, கியர்பாக்ஸ் தாங்கும் இழுவைக்கு ஒன்று.

இந்த எண்களில் எதைத் தொட்டாலும் இன்னொரு இடத்தில் விலை கொடுக்க வேண்டும். டீசலைச் சற்று முன்கூட்டியே தெளித்தால் எரிப்பு முழுமையாக நடக்கும், மைலேஜ் ஏறும், கரும்புகை குறையும். ஆனால் சிலிண்டருக்குள் உச்ச வெப்பம் கூடும். அந்த வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் பிறக்கும். கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத இந்த வாயுக்கள் நுரையீரலுக்கு எரிச்சலூட்டும், ஆஸ்துமாவைக் கிளறும், வெயிலில் ஓசோன் உருவாகவும் வழிசெய்யும். தாமதமாகத் தெளித்தால் இந்த வாயு குறையும், கரித்துகள் கூடும், டீசல் செலவு ஏறும். வண்டி சுத்தமாகத் தெரிவதும் சுத்தமாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை டீசல் விஷயத்தில் அழுத்திச் சொல்லியே ஆகவேண்டும்.

இந்த எண்களை மாற்றும் டியூனர் என்பது உள்ளங்கை அளவுக் கருவி. ஸ்டீயரிங்குக்குக் கீழே, பழுதறியும் கருவியைச் செருகுவதற்கென்று உள்ள ஓபிடி சாக்கெட்டில் செருகினால், கம்பெனி எண்களைப் படித்து ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, தன் எண்களை எழுதிவிடும். சில நிமிட வேலை. இழுவைக்கு ஒன்று, மைலேஜுக்கு ஒன்று, பந்தயத்துக்கு ஒன்று என்று பல செட்டிங் கிடைக்கும். நூறு குதிரைத்திறன் கூடுவதெல்லாம் இதில் சாதாரணம்.

அந்தக் கூடுதல் திறன் கம்பெனி விட்டுவைத்த இடைவெளியிலிருந்து வருகிறது. கம்பெனி செட்டிங், மலையேற்றத்தில் முழுச் சுமை இழுக்கும் வண்டிக்கும், பாலைவன வெயிலுக்கும், பனிக்கும், மட்டமான டீசலுக்கும், வாரண்டி முடியும்வரை உழைப்பதற்கும் சேர்த்து எழுதப்பட்டது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கியர் மாறும் கணத்தில் கிளட்ச் தேயாமலிருக்க டீசலைக் குறைப்பதும் அதில் அடக்கம். டியூனர் இந்த இடைவெளியில் கை வைக்கிறது. காலி வண்டியில் ஒன்றும் தெரியாது. பின்னால் கனமான டிரெய்லரைக் கட்டி மேடேறும்போதுதான் வெளியேறும் வாயுவின் வெப்பம் ஏறும், பிஸ்டன் உருகும், ஹெட் கேஸ்கெட் போகும். நிதானமான டியூனிங்காரர்கள் வெப்பமானி பொருத்தாமல் வேலையில் இறங்குவதில்லை. அவர்களில் திறமைசாலிகள் பலர் உண்டு. கலிஃபோர்னியாவில் சோதனைக்குக் கொடுத்து, புகையைக் கூட்டவில்லை என்று உத்தரவு எண் வாங்கிய கருவிகளும் விற்கின்றன. அவற்றோடு எனக்குச் சண்டையில்லை.

என் கோபமெல்லாம் டெலீட் செய்பவர்கள்மேல். கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டியையும், யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடைச் சாதாரண நைட்ரஜனாக்கும் அமைப்பையும் அறுத்தெடுத்துவிட்டு, அவை இல்லை என்று கணினி முறையிடாதபடி எண்களை மாற்றுவது இது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2020 அறிக்கை, பத்தாண்டுகளில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் இப்படிச் செய்யப்பட்டதாக மதிப்பிட்டது. அந்த வண்டிகள் வாழ்நாளில் கூடுதலாகக் கக்கும் நைட்ரஜன் ஆக்சைடு 5,70,000 டன்னுக்கு மேல். வடிகட்டி அடைத்துக்கொள்கிறது, பழுதுச் செலவு அதிகம் என்ற வண்டிக்காரரின் குறை உண்மையானதுதான். ஆனால் அந்தச் செலவை சாலையோரத்தில் குடியிருப்பவரின் நுரையீரலுக்கு மாற்றிவிடும் உரிமை அவருக்குக் கிடையாது.

சரி, கம்பெனியே தரும் மென்பொருள் அப்டேட்? ஃபோர்டின் 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் இன்ஜின் நல்ல உதாரணம். அதன் இன்ஜெக்டர்கள் இன்ஜின் ஆயிலின் அழுத்தத்தால் இயங்குபவை. குளிரில் ஆயில் கெட்டியாகி உள்ளேயிருக்கும் வால்வு ஒட்டிக்கொள்ள, காலையில் இன்ஜின் நடுங்கும். இன்ஜெக்டரை மாற்றினால் பெருஞ்செலவு. ஃபோர்டு ஒரு மென்பொருள் திருத்தம் கொடுத்தது. குளிர்ந்த இன்ஜினில், இன்ஜெக்டரின் மின்சுருளையே ஒரு சிறு ஹீட்டராகப் பயன்படுத்தி அந்த வால்வைச் சூடேற்றும் திருத்தம். ஒரு நட்டுக்கூடக் கழற்றாமல் பலருடைய நடுக்கம் தீர்ந்தது. இன்ஜினின் உள்விவரம் முழுதும் அறிந்தவரால்தான் இப்படிப்பட்ட தீர்வு முடியும்.

டியூனர் போட்ட வண்டி சர்வீஸுக்குப் போகும்போது சிக்கல் வருகிறது. சர்வீஸ் சென்டர் புது அப்டேட்டை ஏற்றினால் டியூனரின் எண்கள் அழிந்துபோகும். கருவியில் இருக்கும் பிரதியோ பழைய பதிப்பு. அதைத் திருப்பி எழுதினால் கம்பெனி செய்த திருத்தம் போய்விடும். அதனால் சர்வீஸுக்கு முன் கம்பெனி செட்டிங்குக்குத் திரும்பி, அப்டேட் ஆனபின் அந்தப் புதுப் பதிப்புக்கேற்ற டியூனை டியூனர் கம்பெனியிடம் கேட்டு வாங்குவதே முறை. எண்களைத் திருப்பி எழுதிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நம்புகிறவர்கள் உண்டு. கணினியில் ஒவ்வொரு செட்டிங்குக்கும் ஓர் அடையாள எண்ணும், உள்ளிருக்கும் எண்களை வைத்துக் கணக்கிடப்படும் ஒரு சரிபார்ப்பு எண்ணும் உண்டு. டியூன் ஓடும்போது ஸ்கேன் செய்தால் அந்த எண் ஒத்துப்போகாது. சில வண்டிகளில் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கும் தங்கிவிடும். வெளிப்பொருள் பொருத்திய ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்கக்கூடாது, பழுதுக்கு அதுதான் காரணம் என்று காட்டவேண்டும் என்கிறது அமெரிக்காவின் 1975-ஆம் ஆண்டு வாரண்டிச் சட்டம். உருகிய பிஸ்டனையும் நூறு குதிரைத்திறன் டியூனையும் இணைத்துக் காட்டுவது கம்பெனிக்குக் கடினமான வேலை அல்ல.

இதற்காகக் கம்பெனிகளை உத்தமர்கள் என்று எண்ணிவிடக்கூடாது. 1998-இல் கேட்டர்பில்லர், கம்மின்ஸ், டெட்ராய்ட் டீசல், மேக், நேவிஸ்டார், ரெனோ, வால்வோ ஆகிய ஏழு நிறுவனங்கள் அமெரிக்க அரசோடு சமரசத்துக்கு வந்தன. சோதனைக்கூடத்தில் ஒழுங்காக நடந்துகொண்டு, நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும்போது தெளிப்பு நேரத்தை மாற்றி மைலேஜைக் கூட்டும் மென்பொருளை சுமார் 13 லட்சம் லாரி இன்ஜின்களில் அவை வைத்திருந்தன என்பது அரசின் குற்றச்சாட்டு. டியூனர்காரர் செய்யும் அதே வேலை, தொழிற்சாலையிலேயே. இன்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்கும்போது மென்பொருளைத் திருத்தவேண்டும் என்பது சமரச நிபந்தனைகளில் ஒன்று. அந்த இன்ஜின்கள் நீண்ட காலம் பிரிக்கப்படாமலே ஓடியதால் திருத்தம் மெதுவாகத்தான் போய்ச் சேர்ந்தது.

கால் நூற்றாண்டு கழித்து மீண்டும் அதே கதை. 2013 முதல் 2019 வரையிலான சுமார் 6,30,000 ராம் டிரக்குகளில் புகைக் கட்டுப்பாட்டை ஏமாற்றும் மென்பொருள் இருந்ததாக எழுந்த வழக்கில், 167.5 கோடி டாலர் அபராதத்துக்குக் கம்மின்ஸ் 2023 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. தூய காற்றுச் சட்டத்தின்கீழ் அதுவரை விதிக்கப்பட்ட உரிமையியல் அபராதங்களில் இதுவே பெரியது. ஆகவே அப்டேட்டுக்கு வா என்று கடிதம் வரும்போது, என் வண்டியின் இழுவையைக் குறைக்கப்போகிறார்கள் என்று ஓர் உரிமையாளர் சந்தேகப்பட்டால் அவரைக் குறை சொல்லமாட்டேன். அப்டேட் எதை மாற்றுகிறது, மைலேஜ் என்னவாகும், யூரியாச் செலவு கூடுமா என்பதை அந்தக் கடிதத்திலேயே எழுதவேண்டும். இன்று வருவதோ பெரும்பாலும் ‘செயல்பாடு மேம்படுத்தப்பட்டது’ என்கிற ஒற்றை வரி.

ராம் டிரக் வழக்கின் சமரசப்படி, திருத்தப்பட்ட டிரக்குகளில் சில பாகங்களுக்கு வாரண்டியைக் கம்மின்ஸ் நீட்டிக்கவேண்டும். மூன்றாண்டுக்குள் குறைந்தது 85 சதவீத வண்டிகளில் மென்பொருளை மாற்றிவிடவும் வேண்டும். ஏற்கெனவே காற்றில் கலந்துவிட்ட புகையை எந்த அப்டேட்டாலும் திரும்ப எடுக்க முடியாது என்பதால், அதை ஈடுகட்ட 27 பழைய ரயில் டீசல் இன்ஜின்களை மாற்றித்தரும் பொறுப்பும் கம்மின்ஸின் தலையில் ஏறியிருக்கிறது.