கந்தகத்தோடு மறுபடி சேரும் உலோகங்கள்

அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில், க்வாபா பழங்குடியினரின் நிலத்தில் பிச்சர் என்ற சுரங்க ஊர் இருந்தது. ஈயமும் துத்தநாகமும் அள்ளித் தந்த ஊர். 1970 வாக்கில் சுரங்கங்கள் மூடப்பட்டன. தண்ணீர் இறைத்த பம்புகளும் நின்றன.

மண்ணுக்கடியில் ஈயம் கந்தகத்தோடு பிணைந்தே கிடக்கிறது. அந்தப் பிணைப்பு இருக்கும்வரை அது நீரில் எளிதில் கரையாது. சுரங்கம் தோண்டியதும் காற்று உள்ளே புகுந்தது. ஆக்ஸிஜன் பட்ட தாதுக்கள் மெல்ல மெல்லக் கரையும் உப்புகளாயின. பம்பு நின்றபின் ஏறிய நிலத்தடி நீர் அவற்றைக் கரைத்துக்கொண்டு 1979-இல் தரைக்கு வந்தது. அப்பகுதியின் டார் ஓடை காவியாக ஓடியது. அந்த நிறம் இரும்பினுடையது. துத்தநாகம், காட்மியம், ஈயம் ஆகியவை கண்ணுக்குத் தெரியாமல் கூடவே வந்தன.

தரைமேல் இன்னொரு ஆபத்து: தாதுவைப் பிரித்தபின் மலையாய்க் குவித்த 'சாட்' என்னும் கல்தூள். பிள்ளைகள் அதில் சறுக்கி விளையாடினார்கள். உடல் ஈயத்தைக் கால்சியம் என்றே நம்பி எலும்பில் சேர்த்துக்கொள்கிறது. வளரும் மூளையை அது கெடுக்கிறது. 1990-களில் பரிசோதித்தபோது, அங்குள்ள பழங்குடிக் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ரத்தத்தில் ஈயம் வரம்பைத் தாண்டியிருந்தது. 2009-இல் ஊராட்சியே செயல்படுவதை நிறுத்தியது. சுரங்கம் தந்த செல்வம் போன இடம் வேறு, நஞ்சு தங்கிய இடம் வேறு என்பதில் எனக்கு ஆறாத கோபம்.

ஈயம் ஒரு தனிமம். எரித்தாலும் புதைத்தாலும் அழியாது. அப்படியானால் சுத்தம் செய்வது எப்படி? ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் நைர்ன் குழு, 2008-இல் அதே பகுதியில் மேயர் பண்ணை என்ற இடத்தில் குளங்களை வரிசையாக அமைத்தது. முதல் குளத்தில் இரும்பு காற்றோடு சேர்ந்து துருவாகப் படிகிறது. பிறகு நீர், காளான் வளர்த்து மிஞ்சிய மட்கு உரத்தின் ஊடே மேலிருந்து கீழே இறங்குகிறது. அங்கே ஆக்ஸிஜன் இல்லை. அதனால் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்துள்ள சல்பேட்டைச் சுவாசத்துக்குப் பயன்படுத்தி, சல்பைடாக வெளிவிடுகின்றன. அந்தச் சல்பைடு, உலோகங்களைப் பிடித்துத் திடப்பொருளாக்கி அடியில் நிறுத்துகிறது. பூமி அவற்றை ஆதியில் எப்படிப் பூட்டி வைத்திருந்ததோ, ஏறக்குறைய அதே பூட்டு! சல்பைடு மிகுந்த நீருக்கு மறுபடி காற்றூட்ட ஒரு காற்றாலையும் சூரியத் தகடும் போதும்; மின்கம்பி வேண்டாம்.

குளங்களுக்குக் கீழே உள்ள சிற்றோடைக்கு மீன்கள் திரும்பின. ஆனால் மட்கு உரம் ஒருநாள் தீரும், மாற்ற வேண்டும். நீர் ஊறிவரும் இடங்கள் இன்னும் பல. சாட் குவியல்களை அகற்றும் வேலையைக் க்வாபா மக்களே 2013-இல் தங்கள் கையில் எடுத்தார்கள்.