தடிக்கு எட்டாத தடைகள்

திறந்து கிடக்கும் ஜன்னல் கதவு, சாலையோரம் நிற்கும் லாரியின் பின்பலகை, தாழ்ந்து வளர்ந்த மரக்கிளை. வெள்ளைத் தடியோடு நடக்கும் பார்வையற்றவர்களின் நெற்றியைப் பதம் பார்ப்பவை இவைதான். தடி தரையைத் தடவிச் சொல்லும். முழங்காலுக்கு மேலே இருப்பது அதற்குத் தெரியாது.

ரோஹன் பால் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2005இல் தில்லி ஐஐடியில் கம்ப்யூட்டர் பொறியியல் மாணவர் அவர். பேராசிரியர் எம். பாலகிருஷ்ணனின் வழிகாட்டலில் புராஜெக்டுக்கு விஷயம் தேடிய மாணவர்கள், தில்லியிலுள்ள தேசியப் பார்வையற்றோர் சங்கத்துக்கே போய்க் கேட்டார்கள். இரண்டு கஷ்டங்கள் முக்கியமாகத் தெரிந்தன: நடக்கும்போது முட்டிக்கொள்வது, வரும் பஸ்ஸின் நம்பர் தெரியாதது.

முதலாவதற்கு விடையாக வந்ததுதான் ஸ்மார்ட்கேன். வௌவாலின் உத்தி: காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து தூரத்தைக் கணக்கிட்டு, கைப்பிடியில் அதிர்வாகச் சொல்கிறது. சுமார் 3 மீட்டருக்கு முன்பே எச்சரிக்கை. கூட்டத்தில் முன்னால் நிற்பவர் காலில் இடித்து வசவு வாங்குவதும் குறையும். பள்ளத்தை மட்டும் அது சொல்லாது; அது பழைய தடி நுனியின் வேலை. எனவேதான் தடியை மாற்றாமல் அதன்மேல் பொருத்தும்படி செய்தார்கள். பாட்டரி தீர்ந்தாலும் தடி தடிதான்.

மாணவர் புராஜெக்ட் விற்பனைக்கு வர 2014 ஆகிவிட்டது. ஒவ்வொருவரும் தடியை ஒவ்வொரு விதமாகப் பிடிக்கிறார்கள். எப்படிப் பிடித்தாலும் அதிர்வு தெரிய வேண்டும். கீழே விழுந்தால் உடையக் கூடாது. வெளிநாட்டுக் கருவிகளுக்குப் பல்லாயிரம் ரூபாய் ஆகும். இது வெளிவந்தபோது விலை சுமார் ரூ.3,000. நிதி பிரிட்டனின் வெல்கம் டிரஸ்ட்; தயாரிப்பு சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். பயன்படுத்துவோரிடம் கொண்டுபோன சக்ஷம் அமைப்பின் தீபேந்திர மனோசா தாமே பார்வையற்றவர். கைப்பிடியின் பிளாஸ்டிக்கைப் பற்றிக் கட்டுரை எழுதி யாரும் பதவி உயர்வு பெற்றதில்லை. ஆனால் கருவி கையில் நிற்பதும் பரணில் தூங்குவதும் அதைப் பொறுத்ததே.

ரோஹன் பால் பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் ரோபாட்டியலில் டாக்டர் பட்டம் பெற்றார், எம்ஐடியில் ஆராய்ச்சி செய்தார், தில்லி ஐஐடிக்கே ஆசிரியராகத் திரும்பினார். தன்னைச் சுற்றி இருப்பதை ஓர் இயந்திரம் எப்படி அறியும்? தடியில் தொடங்கிய கேள்வியின் நீட்சி என்றே இதைச் சொல்லத் தோன்றுகிறது.

பஸ் பிரச்சினைக்கும் அங்கேயே ‘ஆன்போர்டு’ உருவாயிற்று. கையிலுள்ள பொத்தானை அழுத்தினால், வந்து நிற்கும் பஸ்ஸின் நம்பர் ஒலியாகக் கேட்கும். அந்த பஸ்தான் வேண்டுமென்றால் மறுபடி அழுத்த, வாசலருகே ஒலி எழுந்து வழிகாட்டும். ஒரு சிக்கல். தடியை ஒருவர் தாமே வாங்கிக்கொள்ளலாம். இதற்கோ, போக்குவரத்துக் கழகம் ஒவ்வொரு பஸ்ஸிலும் கருவி பொருத்த மனது வைக்க வேண்டும்.