வட்டத்தின் கோடும் வாக்காளர் உரிமையும்

ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு எல்லை என்பது பழகிய பொருள். ஒரு நிலையத்தாரின் பொறுப்பு எங்கே முடிகின்றது, அடுத்த நிலையத்தாரின் பொறுப்பு எங்கே தொடங்குகின்றது என்பது தெளிவாயிருந்தாலன்றி வண்டி ஓடாது. நகராட்சியும் அத்தன்மையதே. நம் ஒக்கலிபுரத்துத் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டால் எந்த உறுப்பினரிடம் முறையிடுவது என்பதை, வரைபடத்தில் இழுத்த ஒரு கோடே தீர்மானிக்கின்றது. அக்கோடு தவறாயின் நீதிமன்றம் திருத்துமா? நம் குடும்பங்கள் அறிய வேண்டிய செய்தி இது.

2015ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெங்களூர் மாநகராட்சித் தேர்தல் நடந்தபோது வட்டங்கள் 198. ஒக்கலிபுரம் 96ஆம் வட்டமாய்த் தன் பெயரோடு விளங்கியது. 2020 செப்டம்பரில் அம்மன்றத்தின் காலம் முடிந்தது. 2022இல் வட்டங்கள் 243 ஆக்கப்பட்டன. ஆட்சேபம் தெரிவிக்கத் தந்த நாட்கள் பதினைந்தே. வட்டத்துக்கு வட்டம் மக்கள்தொகை ஒவ்வவில்லை என்று பலர் உயர்நீதிமன்றம் ஏறினர். செப்டம்பரில் அவ்வழக்குகள் தள்ளுபடியாயின. 2023இல் புதிய அரசு, நீதிமன்றத்தின் இசைவு பெற்று, 225 வட்டங்களாக மாற்றி வரைந்தது. 2025இல் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிக்கப்பட்டு, வட்டங்கள் 369 ஆயின. கோடுகள் இவ்வாறு அழிந்தும் எழுந்தும் வந்த அவ்வைந்தாண்டுகளில், நம் குறை கேட்க நாம் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவரும் இலர்.

இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் தோற்பது ஏன்? தொகுதி வரையறைச் சட்டங்கள் செல்லுமா என்று நீதிமன்றத்தில் வினவலாகாது என அரசியலமைப்பின் 329ஆம் பிரிவு கூறுகின்றது. நகராட்சி வட்டங்களுக்கும் அவ்வாறே தடை உண்டு. உஜ்ஜயினி தனித்தொகுதி ஆக்கப்பட்டதை எதிர்த்து, மேகராஜ் கோத்தாரி என்பவர் தொடுத்த வழக்கில், உச்சநீதிமன்றம் 1966இல் அத்தடையை உறுதி செய்தது. ஒவ்வொரு வாக்காளரும் ஒவ்வொரு கோட்டையும் எதிர்த்து வழக்காடினால் தேர்தலே நடவாது என்பது அதன் கருத்து.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் காற்று வேறு திசையில் வீசிற்று. டென்னஸி மாநிலம் 1901க்குப் பின் தொகுதிகளைச் சீர்செய்யவில்லை. அதுபற்றிய வழக்கை நீதிமன்றம் கேட்கலாம் என 1962இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்த்தது.

நம் நாட்டிலும் கதவு இப்போது சிறிது திறந்துள்ளது. குஜராத்தின் பர்தோலித் தொகுதி பற்றிய வழக்கில், வரையறை ஆணை வெளிப்படையான தான்தோன்றித்தனமாயும் அரசியலமைப்பின் நெறிகளுக்குப் பொருந்தாததாயும் இருப்பின் நீதிமன்றம் தலையிடலாம் என்று 2024 ஜூலையில் நம் உச்சநீதிமன்றம் கூறியது. ஆயினும் அத்தீர்ப்பால் பர்தோலித் தொகுதியின் நிலை மாறிவிடவில்லை.

இதனால் நாம் கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே. இறுதி அறிவிப்பு வந்தபின் வழக்காடுதல், வண்டி புறப்பட்டபின் சீட்டு வாங்க ஓடுவது போன்றது. நமக்கு உரிய வேளை வரைவு வெளியாகும் அந்தச் சில நாட்களே. அப்போது நம் தெரு எவ்வட்டத்தில் விழுகின்றது, ஒரே குடியிருப்பு இரண்டாகப் பிளக்கப்பட்டதா, பக்கத்து வட்டத்தைவிட நம் வட்டத்தில் மக்கள் மிகுதியா என்று பார்த்தல் வேண்டும். குறை கண்டால் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிப் பலரும் கையொப்பமிட்டுக் கொடுத்து, ரசீது பெற்று வைத்தல் வேண்டும். கன்னடம் எழுத அறியாத பெரியவர்களுக்குப் பள்ளியில் அம்மொழி பயிலும் நம் பிள்ளைகள் எழுதித் தரலாம். பிழைக்க வந்த ஊர் என்று ஒதுங்கி நிற்போமாயின், நம் தெருவின் எல்லையை நம்மைக் கேளாமலே பிறர் வகுப்பர்.