புக்கு கிளியரா இருக்குங்களா?

நாமக்கல்லில் பழைய லாரி வாங்க வரும் ஆசாமியை ஓரமாக நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்க்க வேண்டும். டயரை உதைத்துப் பார்க்க மாட்டார். இன்ஜினை உறும விட மாட்டார். அதெல்லாம் அப்புறம். டீயை ஒரு மடக்கு குடித்துவிட்டு அவர் கேட்கும் முதல் கேள்வி: ''ஏனுங்க, புக்கு கிளியரா இருக்குங்களா?''

புக்கு என்றால் ஆர்.சி. புக். வண்டி யார் பேரில் இருக்கிறது, ஃபைனான்ஸ் பாக்கி உண்டா, டாக்ஸ் கட்டியாச்சா, இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி வரைக்கும்... இத்தனையும் நேரான பிறகுதான் மனுஷர் வண்டி பக்கமே போவார். லாரிக்கு பாடி கட்டும் நாமக்கல், ரிக் வண்டிகளை தேசம் முழுக்க அனுப்பி போர் போடும் திருச்செங்கோடு, லாரிக்குப் பேர்போன சங்ககிரி என்று இந்தப் பக்கத்தில் வண்டி கைமாறுவது கத்தரிக்காய் வியாபாரம் மாதிரி தினசரி சங்கதி. பட்டுப் பட்டுத் தேறிய ஊர் கேட்கிற கேள்வி அது.

இப்போது அதே லாரிக்காரரின் அருமைப் புதல்வரைப் பாருங்கள். சேலத்திலோ ராசிபுரத்திலோ இன்ஜினீயரிங் படிக்கிறார். ஃபைனல் இயர் சீனியரிடம் பைக் வாங்குகிறார். அவர் கேட்பது என்ன?

''மச்சி, லிட்டருக்கு எவ்ளோ குடுக்கும்?''

அவ்வளவுதான்! ஜி-பேயில் பணம் போனது, சாவி வந்தது, ஜூஸ் கடையில் ட்ரீட். புக்கைப் பற்றி சீனியரும் பேசவில்லை, ஜூனியரும் கேட்கவில்லை.

வருஷா வருஷம் பரீட்சை முடிகிற சமயத்தில் கருப்பூரிலிருந்து திருச்செங்கோடு வரைக்கும் ஹாஸ்டல்களில் இந்தச் சந்தை கூடிவிடும். முன்பு நோட்டீஸ் போர்டில் பேப்பர் ஒட்டினார்கள், இப்போது வாட்ஸப் குரூப். டிராஃப்டர், லேப் கோட், கால்குலேட்டர், சைக்கிள், டேபிள் ஃபேன், மெத்தை, பக்கெட்... சகலமும் விற்பனைக்கு. நல்ல விஷயம்தான். முதல் வருஷ டிராயிங் கிளாஸ் முடிந்ததும் டிராஃப்டர் பரணுக்குப் போகப்போகிறது. அதைப் புதுசாக வாங்குவது வீண் செலவு.

புத்தகத்தில் மட்டும் கொஞ்சம் உஷார் தேவை. அண்ணா பல்கலைக்கழகம் 2017-ல் ஒரு ரெகுலேஷன், 2021-ல் ஒரு ரெகுலேஷன் என்று பாடத்திட்டத்தை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. 'பாதி விலைதான்' என்று மகிழ்ந்து வாங்கினால், பாதிப் பாடம்தான் இருக்கும். மெக்கானிக்கல் மாணவர்கள் கைமாற்றிக்கொள்ளும் பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புக் இன்னும் வில்லங்கம். பரீட்சை ஹாலுக்குள் கொண்டுபோக அனுமதி உள்ள புத்தகம் அது. முந்தைய முதலாளி ஓரத்தில் பென்சிலால் ஃபார்முலா கிறுக்கி வைத்திருந்தால், பறக்கும் படையிடம் ''சார், இது சீனியர் கையெழுத்து'' என்றால் எடுபடுமா? வாங்கின அன்றே ஒரு ரப்பரும் கையுமாக உட்கார்ந்துவிடுவது உத்தமம்.

இதெல்லாம் சில்லறை விவகாரம். ஆளையே சாய்ப்பது பைக்.

அது எப்படிக் கைமாறுகிறது தெரியுமா? ஆர்.சி. முதல் ஆளின் அப்பா பேரில் இருக்கும். படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து மட்டும் போட்டு, மற்ற இடமெல்லாம் காலியாக விட்டு, ஜூனியரிடம் கொடுத்துவிடுவார்கள். ''அப்புறமா மாத்திக்கடா.'' அந்த அப்புறம் வரவே வராது. ஜூனியர் இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு, அதே படிவங்களோடு அடுத்த ஜூனியருக்குத் தள்ளிவிடுவார். மூன்று பேட்ச் தாண்டி வண்டி ஓமலூர் ரோட்டில் ஹெல்மெட் இல்லாமல் பறக்கும். அபராத எஸ்.எம்.எஸ். மட்டும், ஊரில் ரிட்டயர்டாகி பேரனோடு விளையாடிக்கொண்டிருக்கும் பெரியவர் செல்போனுக்கு 'டிங்' என்று வந்து சேரும்.

அபராதத்தோடு போனால் புண்ணியம். பி.காம். படித்த தோஷம், எனக்கு இது கணக்குப் புத்தகமாகத்தான் தெரிகிறது. சரக்கு குடோனை விட்டுப் போயாச்சு. லெட்ஜரில் இன்னும் உங்கள் கணக்கில் நிற்கிறது. ஆடிட்டர் யாரைப் பிடிப்பார்?

உச்ச நீதிமன்றம் பிடித்தே விட்டது. ஒருவர் 2007-ல் தன் காரை விற்றார். வாங்கியவர் 2008-ல் வேறொருவருக்கு விற்றார். அவரும் இன்னொருவருக்கு விற்றார். ஆர்.சி. மட்டும் முதல் ஆள் பேரிலேயே கிடந்தது. 2009-ல் அந்தக் காரை ரிவர்ஸ் எடுக்கும்போது மோதி ஒரு உயிர் போய்விட்டது. இன்ஷூரன்ஸும் இல்லை. நஷ்டஈடு யார் கட்டுவது? 'நான் எப்பவோ வித்துட்டேனே' என்றார் முதல் ஆள். வழக்கு டில்லி வரை போய், 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் ஓனர். அவர்தான் கட்ட வேண்டும். உயிரைப் பறிகொடுத்த குடும்பம், வண்டி யார் யார் கைக்குப் போனது என்று தேடிக்கொண்டு அலைய முடியாது என்றது கோர்ட். நியாயம்தானே?

இதைப் படிக்கும் அப்பாக்கள் யாராவது, பையன் பைக்கை விற்று வந்த சந்தோஷத்தில் இருந்தால், தயவுசெய்து 'பேர் மாத்தியாச்சா?' என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள். ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவித்துத் தன் பேருக்கு மாற்ற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவு. கேரளா நம்பர், ஆந்திரா நம்பர் வண்டி என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. இல்லாமல் தொடவே கூடாது. ஆர்.சி.யில் பாங்க் பேரோ ஃபைனான்ஸ் கம்பெனி பேரோ இருந்தால், கடன் அடைத்த கடிதமும் படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகுதான் அட்வான்ஸ். ''மாசம் ரெண்டு டியூதான் மச்சி பாக்கி, நான் கட்டிடறேன்'' என்பார் சீனியர். கட்டுவார். ஆனால் வேலை கிடைத்து பெங்களூர் போன பிறகு அவர் நம்பர் 'ஸ்விட்ச்டு ஆஃப்'.

அடுத்து செல்போன். ஸ்டார், ஹேஷ், 06, மறுபடி ஹேஷ் அடித்தால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. நம்பர் திரையில் வரும். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்து அடித்து, ஓர் இடம் விட்டு அந்த நம்பரையும் அடித்து, 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பாருங்கள். கறுப்புப் பட்டியலில் இருக்கிறது, டூப்ளிகேட் என்றெல்லாம் பதில் வந்தால் 'பை பை' சொல்லிவிட வேண்டியதுதான். பழைய ஓனர் தன் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து உங்கள் கண்ணெதிரே வெளியேறட்டும். இல்லாவிட்டால் ரீசெட் செய்ததும் போன் கல்லாகிவிடும். முப்பதாயிரம் ரூபாய் போனை எவனாவது ஐயாயிரத்துக்குக் கொடுத்தால், 'நமக்கு யோகம்' என்று குதிக்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் மூன்று வருஷம் வரை உள்ளே போகலாம். அந்த ஐயாயிரம் என்ற விலையையே 'காரணம்' என்று கோர்ட்டில் நீட்டுவார்கள்!

விற்கிறவருக்கு வரும் ஆபத்து வேறு ரகம். லேப்டாப்பை ஆன்லைனில் போட்ட பத்தாவது நிமிஷம் போன் வரும். ''நான் ராணுவத்துல இருக்கேன், நேர்ல வர முடியாது, பணத்தை இப்பவே அனுப்பறேன். க்யூ.ஆர். கோடு அனுப்பியிருக்கேன், ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க.'' பேரமே பேச மாட்டார். சேலத்தில் பேரம் பேசாத கஸ்டமரா? அங்கேயே சந்தேகம் வர வேண்டாமோ! பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை, கொடுப்பதற்குத்தான் தேவை. ஏமாந்தது தெரிந்தால் வெட்கப்பட்டு ரூமுக்குள் முடங்காமல் அந்த நிமிஷமே 1930-க்கு போன் செய்ய வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த அக்கவுன்ட்டுக்குத் தாவுமுன் முடக்க முடியும்.

முன்பின் தெரியாத ஆளோடு வியாபாரம் என்றால் பகலில், காலேஜ் கேட் செக்யூரிட்டி பார்வையில், கூட ஒரு சிநேகிதரோடு போகவும். பெண்கள் ஹாஸ்டலில் இதைச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் நாலு பேராகத்தான் வருவார்கள், விலையும் நாலு தடவை குறையும்.

மெத்தை, பக்கெட் வகையறாவுக்குப் படிவமும் கிடையாது, ஐ.எம்.இ.ஐ.யும் கிடையாது. மெத்தையை ஒரு நாள் முழுக்க மொட்டை மாடி வெயிலில் போடவும். பக்கெட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்கவும்.