கோட்டையும் கையெழுத்தும்: தரங்கம்பாடி போய் வருவோம்



பட்டறிவுப் பயணம் என்றால் பால் பண்ணை, மண்புழு உரக்கூடம் என்றுதான் போகிறோம். இந்த முறை ஒரு கடற்கரைக் கோட்டையைச் சொல்கிறோம். மயிலாடுதுறை மாவட்டத்தில், காரைக்காலுக்கு வடக்கே உள்ள தரங்கம்பாடி. "பழைய சுவரைப் பார்த்து நமக்கு என்ன ஆகப்போகுது?" என்று கேட்பீர்கள். அந்த ஊரின் கதை முழுக்க கையெழுத்தும் பத்திரமும்தான். அதனால்தான் கூப்பிடுகிறோம்.

கோட்டை வந்த விதம்

மிளகு வாங்க டென்மார்க் நாட்டிலிருந்து கப்பலில் வந்தார்கள். 1620-ல் தஞ்சாவூரை ஆண்ட ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டார்கள். கோட்டை கட்டி வியாபாரம் செய்ய அனுமதி கிடைத்தது. அதற்கு வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். நாயக்கர் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றைக்கும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

1845-ல் டென்மார்க்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த சேராம்பூரையும் சேர்த்து, பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். ஊரே கைமாறியது. கையெழுத்துப் போட்டது இரண்டு பக்கத்து அதிகாரிகள். அங்கே மீன் விற்ற பெண்களை யார் கேட்டார்கள்?

என்னென்ன பார்க்கலாம்?

கோட்டைக்குள் கீழே கிடங்கு அறைகள், மேலே அருங்காட்சியகம். வெளியே வந்தால் ராஜ வீதி. அதன் கோடியில் 1792-ல் கட்டிய நகர வாயில். வீதியிலேயே 1718-ல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம்.

அதைக் கட்டிய சீகன்பால்கு 1706-ல் வந்த ஜெர்மானியப் பாதிரியார். மறு வருஷமே பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கினார். அச்சுக்கூடம் வைத்து, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து முடித்தார். அச்சுக்குக் காகிதம் வேண்டுமே! பொறையாறு பக்கத்தில் காகிதம் செய்தார்கள். கடுதாசிப்பட்டறை என்ற ஊர்ப்பெயர் அதனால் வந்ததுதான்.

கரையோரம் மாசிலாமணி நாதர் கோயில். 1306-ல் பாண்டிய மன்னர் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் எழுந்தது. அதன் ஒரு பகுதியைக் கடல் அரித்துவிட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமியும் இந்த ஊரைத் தாக்கியது. அன்றைக்குக் கடற்கரை ஊர்களில் வீட்டோடு ரேஷன் கார்டு, பட்டா, பாஸ் புத்தகம் எல்லாம் போனவர்கள் எத்தனையோ பேர்.

நமக்கு என்ன பாடம்?

ஒன்று: யார் கையில் பத்திரமோ அவர்கள் பேச்சுதான் எடுபடுகிறது. கடன் பத்திரமோ தீர்மான நோட்டோ, படித்துக் காட்டச் சொல்லாமல் கைநாட்டு வைக்காதீங்க. வட்டி எவ்வளவு, எத்தனை தவணை, ஜாமீன் யார் என்று கேளுங்க. கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

இரண்டு: பட்டா, பாஸ் புத்தகம், ரேஷன் கார்டு எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்து வேறொரு இடத்திலும் வையுங்க. புயல் சொல்லிக்கொண்டு வந்தாலும், ஓடுகிற அவசரத்தில் பெட்டியைத் தேட முடியாது.

மூன்று: பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்க. பாடப் புத்தகத்தில் படித்ததை நேரில் பார்க்கட்டும்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பேசி, எத்தனை பேர் வருகிறீர்கள் என்று ஊக்குநரிடம் சொல்லுங்க. வெயிலுக்கு முன்னால் காலையிலேயே போய்விடுவோம். கட்டுச்சோறு மறக்க வேண்டாம்!