மென்பொருளுக்கும் உண்டு வெள்ளோட்டம்

புதிய தேர் செய்தால் அதை நேரே திருவிழாவுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். முதலில் வெள்ளோட்டம் விடுவார்கள். சுவாமி இல்லாத வெறும் தேரை ஊர் கூடி இழுக்கும். சக்கரம் நன்றாக உருளுகிறதா? அச்சு தாங்குகிறதா? தெருமுனையில் திரும்புகிறதா? தேர் செய்தவர்கள் கூடவே நடந்து பார்ப்பார்கள். குறை தெரிந்தால் சரிசெய்வார்கள். அதன் பிறகுதான் திருவிழா.

கம்ப்யூட்டர் உலகிலும் இப்படி ஒரு வெள்ளோட்டம் உண்டு. அதன் பெயர் ‘பீட்டா’.

பீட்டா என்றால் என்ன?

கம்ப்யூட்டர் ஓர் இயந்திரம். அது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் கட்டளைகளின் தொகுப்புதான் மென்பொருள். கடிதம் எழுதவும், கணக்குப் போடவும், பட்டியல் தயாரிக்கவும் உதவும் மென்பொருளுக்கு அலுவலக மென்பொருள் என்று பெயர்.

கிரேக்க மொழியின் முதல் எழுத்து ஆல்பா. இரண்டாம் எழுத்து பீட்டா. மென்பொருளைச் செய்தவர்கள் தங்களுக்குள் சோதித்துப் பார்ப்பது ஆல்பா. வெளியாட்களிடம் கொடுத்துச் சோதிப்பது பீட்டா.

வெளியாட்கள் எதற்கு? செய்தவருக்கு எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று தெரியும். அவர் தவறாக அழுத்த மாட்டார். ஆகவே அவர் கண்ணுக்குப் பல குறைகள் தெரியாது. புதிதாகப் பழகுகிறவர் எதை வேண்டுமானாலும் அழுத்துவார். அப்போது ஒளிந்திருக்கும் குறை வெளியே வரும்.

லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் இலவசமாகப் பெறலாம். அதன் முதல் பீட்டா 2010 செப்டம்பரில் வந்தது. நான்கு மாதம் பலரும் அதைச் சோதித்தார்கள். குறைகளைச் சொன்னார்கள். 2011 ஜனவரியில் திருந்திய பதிப்பு வந்தது. அதன் பெரிய புதிய பதிப்புகள் இன்றும் இந்த வழியில்தான் வருகின்றன.

குப்பத்தில் நடந்தது

கருவிகளை ஊருக்குள் கொண்டுவந்து சோதிப்பது சித்தூர் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2002-ல் குப்பம் பகுதியில் ஒரு திட்டம் தொடங்கியது. ஆந்திர அரசும் ஹியூலெட் பக்கார்ட் நிறுவனமும் சேர்ந்து அதை நடத்தின. கிராமங்களில் கம்ப்யூட்டர் மையங்கள் திறந்தார்கள். மகளிர் குழுப் பெண்கள் சிலரிடம் கேமராவும், சிறிய அச்சு இயந்திரமும், சூரிய ஒளித் தகடும் கொடுத்தார்கள். அவர்கள் ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்தார்கள். மின்சாரம் இல்லாத இடத்திலும் அங்கேயே அச்சிட்டுக் கொடுத்தார்கள். சம்பாதித்தார்கள். வெயிலிலும் தூசியிலும் அந்தக் கருவிகள் எப்படி உழைக்கின்றன என்பதும் அங்கே சோதனைக்கு வந்தது.

எழுத்து உடைந்தால் யாருக்குத் தெரியும்?

சித்தூர், திருப்பதிப் பக்கம் தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் ஊர்கள் பல உண்டு. ஒரே குழுவின் பட்டியலில் ஒரு பெயர் தெலுங்கில் இருக்கும். அடுத்த பெயர் தமிழில் இருக்கும்.

முன்பு கம்ப்யூட்டரில் இது பெரும் தொல்லை. ஒவ்வொரு எழுத்துரு செய்தவரும் ஒவ்வொரு முறையைப் பின்பற்றினார். ஒரு கம்ப்யூட்டரில் அடித்த தமிழ் இன்னொன்றில் புரியாத குறிகளாகத் தெரியும். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு முறை 1991-ல் வந்தது. அதில் தமிழுக்கும் தெலுங்குக்கும் இடம் கிடைத்தது. ஆனால் அது எல்லா இடத்துக்கும் பரவப் பல ஆண்டுகள் ஆயின. 2005-ல் மத்திய அரசு ஒரு குறுந்தகடு வெளியிட்டது. அதில் தமிழ் எழுத்துருக்களும் தமிழில் இயங்கும் அலுவலக மென்பொருளும் இலவசமாகக் கிடைத்தன.

புதிய பதிப்பு வரும்போது எழுத்து மறுபடி உடையலாம். ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பு இடம் மாறி நிற்கலாம். ‘ப்’ மேல் இருக்கும் புள்ளி பக்கத்தில் தள்ளிப் போகலாம். தெலுங்கில் எழுத்தின் கீழே வரும் ஒத்து தனியே விழலாம்.

இந்தக் குறையை யார் கண்டுபிடிப்பார்? எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறவருக்குத் தமிழும் தெலுங்கும் தெரியாது. அவருக்கு உடைந்த எழுத்தும் நல்ல எழுத்தும் ஒன்றுதான். அந்த மொழியைப் படிக்கத் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். அதற்குப் பட்டம் வேண்டாம். எழுத்தறிவு போதும்.

கணக்கை வைத்துச் சோதிக்காதீர்கள்

வெள்ளோட்டத்தின்போது தேரில் சுவாமியை வைப்பதில்லை அல்லவா? பீட்டாவுக்கும் அதே விதிதான். உண்மையான கணக்கை அதில் வைக்கக் கூடாது.

குழுவின் கணக்குக் கோப்பை முதலில் நகல் எடுங்கள். அசலைத் தனியே ஒரு பென் டிரைவில் வையுங்கள். நகலை மட்டும் பீட்டாவில் திறந்து பாருங்கள். புதிய பதிப்பில் சேமித்த கோப்பு பழைய பதிப்பில் சரியாகத் திறக்காமல் போகலாம். அசல் கையில் இருந்தால் பயம் இல்லை. லிப்ரே ஆபீசின் பீட்டா, பழைய பதிப்பை அழிக்காது. அதன் பக்கத்தில் தனியாக அமரும். ஆகவே தினசரி வேலையைப் பழையதிலேயே செய்யலாம்.

நூறு ரூபாய் எங்கே போனது?

ஒரு மகளிர் குழுவில் பத்துப் பேர். ஆளுக்கு மாதம் 100 ரூபாய் சேமிப்பு. மொத்தம் 1,000 ரூபாய் வர வேண்டும். கம்ப்யூட்டர் 900 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“யாரோ பணம் கட்டலை போல இருக்கே அக்கா” என்கிறாள் கணக்கு எழுதும் பெண்.

“இல்லம்மா. பத்துப் பேரும் என் கையிலதான் கொடுத்தாங்க. நோட்டுல கையெழுத்து இருக்கு பாரு” என்கிறார் தலைவி.

நோட்டு சொல்வதுதான் சரி. ஒரு கட்டத்தில் இருந்த 100 என்பதைக் கம்ப்யூட்டர் எண்ணாக எடுக்கவில்லை. வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டது. எழுத்தை அது கூட்டாது. நோட்டு இல்லாவிட்டால் பணம் கட்டிய ஒருத்தி மேல் பழி விழுந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. பொதுவாக எண்கள் கட்டத்தின் வலது ஓரம் நிற்கும். எழுத்துகள் இடது ஓரம் நிற்கும். இடது ஓரம் நிற்கும் எண்ணைத் தேடுங்கள். அதை அழியுங்கள். அந்தக் கட்டத்தை எண் வடிவத்துக்கு மாற்றுங்கள். மறுபடி அடியுங்கள். சுழியத்துக்குப் பதிலாக ஆங்கில ‘ஓ’ எழுத்தை அடித்தாலும் இதே கோளாறு வரும்.

தினமும் வரும் வேறு தொல்லைகள்

கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக வேலி போன்ற குறிகள் தெரிகின்றனவா? பணம் போகவில்லை. கட்டம் குறுகலாக இருக்கிறது. அகலப்படுத்தினால் எண் தெரியும்.

எழுத்துக்குப் பதிலாகச் சின்னச் சின்னப் பெட்டிகள் தெரிகின்றனவா? அந்த எழுத்துரு உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. தமிழுக்கு லதா, தெலுங்குக்குக் கௌதமி போன்ற யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றிப் பாருங்கள்.

மின்சாரம் போய்விட்டதா? மறுபடி திறக்கும்போது ‘மீட்கவா?’ என்று மென்பொருள் கேட்கும். சரி என்று சொல்லுங்கள். ஆனால் அதையே நம்பி இருக்க வேண்டாம். ஒரு பக்கம் முடிந்ததும் சேமிக்கும் பழக்கம் வேண்டும்.

மென்பொருள் திறந்தவுடன் நின்றுவிடுகிறதா? லிப்ரே ஆபீசில் ‘பாதுகாப்பு முறை’ என்று ஒன்று உண்டு. அதில் திறந்து பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால், உங்கள் கோப்பில் குறை இல்லை. அமைப்புகளில்தான் குறை.

குறையை எப்படிச் சொல்வது?

“ஓடவில்லை” என்று மட்டும் சொன்னால் யாருக்கும் புரியாது. வைத்தியரிடம் “உடம்பு சரியில்லை” என்று சொல்லி நிறுத்தினால் அவர் என்ன மருந்து தருவார்? நான்கு விவரங்கள் வேண்டும்.

1. எந்தப் பதிப்பு? அதன் எண் என்ன?
2. முதலில் எதை அழுத்தினீர்கள்? அடுத்து எதை?
3. என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள்?
4. என்ன வந்தது?

திரையைப் படம் எடுத்து அனுப்புவது இன்னும் நல்லது. ஆனால் அதில் குழுப் பெண்களின் பெயரும் வங்கி எண்ணும் தெரியக் கூடாது. பொய்ப் பெயர்களைப் போட்டு ஒரு மாதிரிக் கோப்பு செய்து அனுப்புங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் தமிழில் எழுதுங்கள். மையத்தில் இருக்கும் படித்த பிள்ளைகளிடம் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்லுங்கள்.

லிப்ரே ஆபீஸ் போன்ற மென்பொருளில் வரும் ஒவ்வொரு புகாருக்கும் ஓர் எண் தருவார்கள். அந்தக் குறை என்ன ஆனது என்று எண்ணை வைத்து யாரும் பார்க்கலாம். ஒருவர் சொன்ன குறை தீர்ந்தால், தமிழ் எழுதும் எல்லோருக்கும் தீரும்.

புதிதாகப் படிக்கக் கற்றவர்கள் எழுத்தைக் கூர்ந்து பார்ப்பார்கள். ஒரு புள்ளி தவறினாலும் அவர்களுக்குத் தெரியும். அந்தக் கண் மென்பொருள் செய்கிறவர்களுக்குத் தேவை. தவறாகத் தெரிந்தால் சொல்லுங்கள். ‘நமக்கு என்ன தெரியும்’ என்று தயங்க வேண்டாம்.